பக்கத்து இருக்கையின் தீர்ப்பு

அன்புள்ள நண்பா,

நானும் உன் தங்கையும் நலம். நீயும் அண்ணியும் நலம் என்பது உன் கடிதத்தின் வசைகளிலிருந்தே தெரிகிறது. உடம்பு சரியில்லாதவனால் இவ்வளவு நீளமாகத் திட்ட முடியாது. டெக்சஸ் மாநிலத்து லிவிங்ஸ்டனில் உள்ள எங்கள் அஞ்சல் முகவரியில் அந்தக் கடிதம் பல வாரங்கள் காத்திருந்தது. எங்களைப் போல மோட்டார்ஹோம் என்ற வீட்டு வண்டியிலேயே வாழும் ஆயிரக்கணக்கானோருக்கு அதே இடம்தான் நிரந்தர முகவரி என்பதும், எங்கே இருக்கிறோம் என்று நாங்கள் சொன்ன பிறகே கடிதங்களைக் கட்டாகக் கட்டி அனுப்புவார்கள் என்பதும் உனக்குத் தெரியும். இந்த முறை நாங்கள் அனுப்பச் சொல்லவில்லை, நேரில் போய் வாங்கிக்கொண்டோம். ஏன் போனோம் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நீ இரண்டு கேள்விகள் கேட்டிருந்தாய். வீட்டை விற்றுவிட்டு நீங்களும் ஒரு மோட்டார்ஹோம் வாங்கலாமா என்பது முதல் கேள்வி. இன்னும் எத்தனை காலம்தான் இப்படி ஊர் சுற்றப் போகிறாய் என்பது இரண்டாவது. முதல் கேள்விக்குப் பதில் சொல்லும் தகுதி எனக்கு உண்டு என்று நினைக்கிறேன். இரண்டாவது கேள்வியை நம் தாடிக்காரன் தொலைபேசியில் கேட்கும்போதெல்லாம் ஏதாவது சிரிப்புக் காட்டி நழுவிவிடுவேன். உன்னிடம் நழுவ முடியாது, இந்த ஆண்டு நடந்தவற்றுக்குப் பிறகு எனக்கும் நழுவ மனமில்லை.

என் இரு கண்களிலும் புரை. நியூ மெக்சிகோவில் ஒரு மாலை, வெளிச்சம் மங்கிய நேரத்தில், எதிரே வந்த லாரிகளின் விளக்குகள் ஒவ்வொன்றும் நீரில் விழுந்த மை போலப் பரவுவதைப் பார்த்தேன். கண்ணாடியைத் துடைத்தேன், பிறகு வண்டியின் முன்கண்ணாடியைத் துடைத்தேன், ஒன்றும் மாறவில்லை. நான் வாயைத் திறக்கும் முன்பே உன் தங்கை, “அடுத்த விலகுபாதையில் இறங்கி நிறுத்துங்கள்” என்றாள். சாலைப் பலகைகளை நான் தாமதமாகப் படிப்பதை அவள் பல மாதங்களாகக் கவனித்துக்கொண்டே வந்திருக்கிறாள். நான் வேகத்தைக் குறைக்கும் நொடியை வைத்தே என் பார்வையை அளந்திருக்கிறாள். கண் மருத்துவர் பின்னர் கருவிகளை வைத்துச் சொன்னதை அவள் அந்த இருக்கையில் உட்கார்ந்தே கண்டுபிடித்திருந்தாள் என்பதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.

புரை அறுவை பெரிய விஷயம் இல்லை என்று நீ சொல்வாய், உண்மைதான். ஆனால் வீடு உள்ளவன் மருத்துவமனைக்குப் போய்த் தன் கட்டிலுக்குத் திரும்புகிறான். எங்களுக்கோ கட்டிலை எந்த ஊருக்குக் கொண்டுபோவது என்பதே முதல் கேள்வி. ஒரு கண்ணை முதலில் செய்து, அது ஆறிய பிறகு மற்றதைச் செய்து, இடையிடையே பரிசோதனைகளுக்கும் போக வேண்டும் என்றால், ஏதாவது ஓர் ஊரில் மாதக் கணக்கில் வண்டியை நிறுத்தியே தீர வேண்டும். நாங்கள் அரசின் முதியோர் மருத்துவக் காப்பீடான மெடிகேரின் மூலத் திட்டத்தில் இருந்தது இங்கேதான் கைகொடுத்தது, ஏனெனில் அதை ஏற்கும் எந்த மருத்துவரிடமும், எந்த மாநிலத்திலும், போகலாம். தனியார் நிறுவனங்கள் நடத்தும் மெடிகேர் அட்வான்டேஜ் திட்டங்களில் செலவு குறைவாகத் தெரிந்தாலும் பெரும்பாலும் குறிப்பிட்ட வட்டாரத்து மருத்துவர் பட்டியலுக்குள்தான் அடங்கியிருக்க வேண்டும். நீ அந்த வகையில் இருப்பதாகச் சொன்ன நினைவு. வீட்டை விற்பதற்கு முன் அந்தத் திட்டத்தின் தாளை எடுத்துப் படி. வண்டியின் படங்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அந்த மாதங்களில் உன் தங்கைதான் ஓட்டினாள். நீ சிரிப்பது எனக்குக் கேட்கிறது. சைக்கிள் விவகாரத்தை மட்டும் அவளிடம் சொல்லிவிடாதே, நான் இத்தனை ஆண்டுகளாகக் காப்பாற்றிவரும் மரியாதை போய்விடும். எங்கள் வண்டி 26,000 பவுண்டு எடைக்குள் அடங்குவதால் டெக்சஸில் சாதாரண கார் உரிமமே போதும். அதைத் தாண்டியிருந்தால் வணிகம் சாராத பி வகுப்பு உரிமத்துக்கு அவள் தனியாகத் தேர்வு எழுதி, ஓட்டியும் காட்ட வேண்டியிருந்திருக்கும். சட்டம் எளிது, வண்டி எளிதில்லை. இந்த வகை வண்டியில் ஓட்டுநர் முன்சக்கரத்துக்கும் முன்னால் உட்கார்ந்திருப்பதால், காரில் திருப்பும் இடத்தில் திருப்பினால் பின்சக்கரம் நடைபாதையில் ஏறிவிடும்; முனையைத் தாண்டி, இனி முடியாது என்று தோன்றும் வரை முன்னே போய்த்தான் திருப்ப வேண்டும். பின்சக்கரத்துக்குப் பின்னால் நீளும் வால் பகுதியோ திருப்பத்துக்கு எதிர்ப்பக்கமாக வீசும். நான்கு சக்கரமும் தரையில் உருள நாங்கள் பின்னால் இழுத்துவரும் காரை வைத்துக்கொண்டு பின்னோக்கிப் போகவே கூடாது, அதைக் கழற்றிய பிறகுதான் நகர முடியும். இவற்றையெல்லாம் நான் பல்லாண்டு அனுபவம் போல அவளுக்கு விளக்கினேன். அவள் காலியான ஒரு பெரிய வாகன நிறுத்தத்தில் கூம்புகளை வைத்து, என்னை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு, எனக்கு ஒரு பருவம் பிடித்ததை ஒரு வார இறுதியில் கற்றுக்கொண்டாள். என்னைவிட மெதுவாக ஓட்டுகிறாள், என்னைவிட நன்றாக ஓட்டுகிறாள். இதை இதற்கு மேல் எழுத என் பேனா மறுக்கிறது.

இரண்டாவது கண்ணும் தெளிந்த பிறகு, “லிவிங்ஸ்டனுக்குப் போவோம், எனக்கு அங்கே ஓர் இடத்தைப் பார்க்க வேண்டும்” என்றாள். எங்கள் முகவரி இருக்கும் அதே வளாகம்தான். ஜோ பீட்டர்சன், கே பீட்டர்சன் என்ற தம்பதி 1978-இல் தொடங்கிய எஸ்கேப்பீஸ் என்ற வண்டிவாசிகள் சங்கத்தின் தலைமையகம் அங்கே இருக்கிறது. கடிதம் வாங்கவும், வண்டியின் காகித வேலைகளுக்கும் நாங்கள் எத்தனையோ முறை அங்கே தங்கியிருக்கிறோம். ஆனால் அதே வளாகத்தில் சங்கத்தார் உருவாக்கிய முதியோர் பராமரிப்பு மையத்துக்குள் நான் கால் வைத்ததில்லை. அந்தப் பக்கம் திரும்பும் பாதை வரும்போதெல்லாம் என் கால்கள் தாமாகவே வேறு பக்கம் நடந்துவிடும்.

அது வழக்கமான முதியோர் இல்லம் அன்று. இனி பயணம் செய்ய முடியாதவர்கள் தங்கள் வண்டியை அங்கே கொண்டுவந்து நிறுத்தி, தங்கள் சொந்தக் கட்டிலிலேயே தொடர்ந்து படுத்துக்கொள்கிறார்கள். மூன்று வேளை உணவுக்குப் பொதுக்கூடம் இருக்கிறது. துணி துவைக்கவும், வண்டியைச் சுத்தம் செய்யவும், மருத்துவரிடம் அழைத்துப் போகவும் ஆள் இருக்கிறார்கள். பகலில் கவனித்துக்கொள்ள ஒரு பராமரிப்புக் கூடமும் உண்டு. வரிசையாக நின்ற வண்டிகளைப் பார்த்துக்கொண்டே நடந்தோம். கதவுப் படிகள் இருந்த இடத்தில் கைப்பிடி வைத்த மரச்சரிவுகள். போய்வந்த மாநிலங்களை ஒவ்வொன்றாக ஒட்டி நிரப்பும் வரைபடம் பல கதவுகளில் இருந்தது, சிலவற்றில் ஓரிரு மாநிலங்கள் மட்டும் வெள்ளையாக விடுபட்டிருந்தன. எங்கள் கதவிலும் மேய்ன் இன்னும் வெள்ளைதான்.

அங்கே ஒரு மூதாட்டி எங்களை உள்ளே அழைத்தார். கணவர் வழியில், வேறொரு மாநிலத்தில், மாரடைப்பில் இறந்துபோனார். உடல் அடக்கம் முடிந்த பிறகு, அத்தனை பெரிய வண்டியோடு, முன்பின் தெரியாத ஒரு முகாமில் தனியாக உட்கார்ந்திருந்ததை அவர் எங்களிடம் அழாமல் சொன்னார். அவர் ஒரு முறைகூட அதை ஓட்டியதில்லை. கழிவுத் தொட்டியை எப்படித் திறந்து விடுவது, எரிவாயுவை எங்கே மூடுவது, மின்கம்பியை எந்தச் செருகியில் மாட்டுவது என எல்லாமே கணவர் பார்த்துக்கொண்டவை. கடைசியில் கூலிக்கு ஓர் ஓட்டுநரை அமர்த்தி வண்டியை லிவிங்ஸ்டன் வரை கொண்டுவந்தாராம். “அவர் அன்பாகத்தான் எல்லாவற்றையும் தாமே செய்தார்” என்றார். உன் தங்கை என்னைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்தாள் என்பதுதான் எனக்கு உறைத்தது.

அன்று இரவு நாங்கள் சண்டை போட்டோம், நண்பா. நான் அரிசோனாவில் ஒரு சிறு வீடு வாங்கிவிடலாம் என்றேன். பயந்துபோனவன் சொல்லும் பேச்சு அது என்று அவள் சொன்னாள். வாங்கப் பணம் இல்லாமல் இல்லை; வீடு வாங்கும் பணத்தைத் தொடாமல் தனியாக வைத்திருப்பதே எங்கள் ஆரம்ப கால ஒப்பந்தம். வீட்டை விற்ற பணத்தை முழுவதும் வண்டியில் போட்டவர்கள், நிறுத்த வேண்டிய நாள் வரும்போது நிறுத்த முடியாமல் ஓட்டிக்கொண்டிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். வீடு சில ஆண்டுகளில் விலை ஏறலாம், வண்டிக்கு ஒவ்வோர் ஆண்டும் விலை இறங்கும். பத்து ஆண்டுக்கு மேற்பட்ட வண்டிகளை உள்ளே விடாத தனியார் முகாம்களும் உண்டு. டயர் தேயாவிட்டாலும் ஆறேழு ஆண்டுகளில் மாற்றியே ஆக வேண்டும். வண்டிக்கு வயதாவதற்கு விதிகள் இருக்கின்றன, ஓட்டுபவனுக்கு வயதாவதற்குத்தான் ஒருவரும் விதி எழுதி வைப்பதில்லை. டெக்சஸ் சட்டம் 79 வயது முதல் நேரில் வந்து உரிமத்தைப் புதுப்பிக்கச் சொல்கிறது. அதுவரை பொறுத்திருந்தால் யார் யாரை இடிப்பது என்று தெரியாது.

ஆகவே நாங்களே ஒரு விதி எழுதினோம். ஓட்டுபவருக்குத் தன் தளர்ச்சி கடைசியில்தான் தெரியும். எனவே “இனி வேண்டாம்” என்று சொல்லும் உரிமை பக்கத்து இருக்கையில் இருப்பவருக்கே. அவர் சொன்னால் மறுபேச்சு இல்லை, காரணமும் கேட்கக் கூடாது. அவள் ஓட்டும்போது அந்த உரிமை எனக்கு, நான் ஓட்டும்போது அவளுக்கு. இருட்டிய பிறகு இருவரும் ஓட்டுவதில்லை. வண்டிவாசிகளிடையே ஒரு கணக்குப் புழங்குகிறது: ஒரு நாளில் 200 மைலுக்கு மேல் போகாதே, பிற்பகல் 2 மணிக்குள் நிறுத்து, நிறுத்திய இடத்தில் 2 இரவாவது தங்கு. முன்பு இதைக் கேட்டால் சிரிப்பேன், இப்போது அதை எங்கள் கதவுக்கு உள்பக்கம் எழுதி ஒட்டியிருக்கிறாள். தொட்டி வேலை, எரிவாயு, மின்கம்பி எல்லாவற்றையும் வாரத்துக்கு ஒருவராக மாற்றி மாற்றிச் செய்கிறோம். அவள் முறை வரும்போது கழிவுக் குழாயருகே நின்று நான் ஆலோசனை சொல்லக் கூடாது என்பது துணை விதி. அதைத்தான் என்னால் கடைப்பிடிக்க முடியவில்லை.

உன் இரண்டாவது கேள்விக்கு இதுதான் பதில்: அவள் சொல்லும் வரை. அவள் சொன்னால் லிவிங்ஸ்டனில் அந்த மரச்சரிவு வைத்த வரிசையில் நிறுத்துவோம் என்று சம்மதித்துவிட்டேன். சம்மதித்த மறுநாள் காலை அந்தப் பாதையில் நடந்துபோய் நிதானமாகப் பார்த்தேன். நிழல் நன்றாக இருக்கிறது.

இனி உன் வீடு. விற்காதே, இப்போதைக்கு வாடகைக்கு விடு. ஒரு மோட்டார்ஹோமை ஒரு மாதத்துக்கு வாடகைக்கு எடுத்துப் பார், நீ ஆசைப்பட்ட நீளத்தைவிடச் சிறியதாக எடு. கிளேசியர் தேசியப் பூங்காவின் மலைச்சாலையில் 21 அடிக்கு மேற்பட்ட வண்டியை விடவே மாட்டார்கள். பெரிய வண்டி வைத்திருப்பவன் எங்கே போனாலும் அதை ஓரிடத்தில் கட்டிவிட்டுக் காரில்தான் போக வேண்டும். தேசியப் பூங்காக்களுக்கான முதியோர் வாழ்நாள் அட்டையையும் வாங்கிவிடு. 62 வயதானதும் பத்து டாலருக்கு வாங்கு என்று தலைதலையாய் அடித்துக்கொண்டேன், அப்புறம் பார்க்கலாம் என்றாய், 2017 ஆகஸ்டில் அதை 80 டாலராக்கினார்கள். அந்த எழுபது டாலரை நான் சாகும்வரை சொல்லிக் காட்டுவேன்.

ஜனவரியில் அரிசோனாவின் குவார்ட்ஸைட்டில் இருப்போம். அரசு நிலமான லா போசாவில் செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை நீண்டநாள் தங்க அனுமதி உண்டு. தண்ணீர் பிடிக்கவும் கழிவைக் கொட்டவும் பொது இடம் இருக்கிறது, மின் இணைப்பு கிடையாது; கூரைமேல் சூரியத் தகடு இல்லாவிட்டால் இயந்திரத்தை ஓட்டித்தான் பேட்டரியை நிரப்ப வேண்டும். வாடகை வண்டியோடு அங்கே வந்துவிடுங்கள். பகலில் வெயில் இதமாக இருக்கும், இரவில் குளிர் கடிக்கும், கம்பளி மறக்காதே.

இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு உன் தங்கை ஒரு திருத்தம் சொல்கிறாள். அவளுக்குக் கூம்புகளோடு ஒரு வார இறுதி ஆகவில்லையாம், ஒரு பிற்பகல் போதுமானதாக இருந்ததாம். அண்ணி அங்கு வந்தால் அதே கூம்புகளை வைத்துக் கற்றுத்தருகிறாளாம். அந்த நேரத்தில் நீயும் நானும் குறைந்தது ஒரு மைல் தொலைவில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை.

என்றும் அன்புடன்,
உன் நண்பன்