வெத்திலை வாயும் வெள்ளைப் படையும்

ஆசிரியர் ஐயாவுக்கு, புதுக்குடியிருப்புப் பக்கம் வயல் வேலைக்குப் போற சனம் கொடுப்புக்குள்ள வெத்திலைய அடக்கிக்கொண்டுதான் திரியுது, என்ர அம்மம்மாவும் அப்பிடித்தான், இப்ப அவவுக்கு வாய் ரெண்டு விரல் அளவுகூடத் திறக்குதில்ல, குழம்பு பட்டாலே எரியுதாம், உள்ளுக்க வெள்ளைப் படை வேற, தேச்சாலும் போகுதில்ல. இப்பிடியான இடத்தில புற்றுநோய் வந்து செல்லுகள் கட்டுப்பாடில்லாமப் பெருகத் தொடங்கினா அதுகளுக்கு ஒக்சிசனும் சாப்பாடும் வேணும்தானே, அதால தங்களுக்கெண்டு புது ரத்தக் குழாயளையே வளரப் பண்ணுங்கள், குளத்தில இருந்து களவா வாய்க்கால் வெட்டினமாதிரி. புகையிலைய விட்டிட்டன் பாக்கு மட்டுந்தான் எண்டு சொல்லுறவைக்கு, வெறும் பாக்கே புற்றுநோய் வரப்பண்ணும் எண்டு உலக சுகாதார நிறுவனத்தின்ர புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004லயே எழுதிப்போட்டுது. நோவில்லையெண்டு இருக்காம பல்லு டொக்டரிட்ட ஒருக்கா வாயக் காட்டுங்கோ. அம்மம்மாவ வாற செவ்வாய் கூட்டிக்கொண்டு போறன், வெத்திலைப் பெட்டியையும் கொண்டுதான் வருவாவாம்.

ஒரு பேத்தி, புதுக்குடியிருப்பு