மேலாண்மை ஆய்வில் ஆசியா முந்தினால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மேலாண்மைப் பள்ளிகளின் ஆய்வில் அமெரிக்காவின் பிடி தளர்கிறது, ஹாங்காங்கும் சிங்கப்பூரும் சீனாவும் மேலே வருகின்றன என்ற கட்டுரையைப் படித்தேன். மகிழ்ச்சிதான். ஆனால் இந்த முன்னேற்றத்தை எந்தத் தராசில் நிறுக்கிறார்கள் என்பதையும் சொல்லியிருக்க வேண்டும்.

டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் டாலஸ் வளாகம் வெளியிடும் மேலாண்மைப் பள்ளிகளின் தரவரிசைப் பட்டியலைத்தான் பலரும் காட்டுகிறார்கள். 24 ஆய்விதழ்களில் எந்தப் பள்ளி ஆசிரியர்கள் எத்தனை கட்டுரை எழுதினார்கள் என்று எண்ணுவதே அதன் முறை. அவற்றில் பெரும்பாலானவை அமெரிக்காவில் பிறந்தவை. ஆக, எழுதுகிறவர்களின் ஊர் மாறியிருக்கிறது. எது நல்ல கேள்வி என்று தீர்மானிக்கும் இடம் அவ்வளவாக மாறவில்லை.

இதன் விளைவை வகுப்பறையில் பார்க்கிறேன். திருப்பூரில் நூல் வாங்குவதிலிருந்து நிட்டிங், சாயம், தையல் வரை பிறருக்காகக் கூலிக்கு வேலை செய்து தரும் ஒவ்வொரு ஜாப் ஒர்க் யூனிட்டும் அடுத்தவருக்குக் கடன் கொடுத்தே ஓடுகிறது. பெரும்பாலும் வாய்ப்பேச்சிலேயே நடக்கும் இந்தக் கடன் ஏன் முறிவதில்லை, எப்போது முறிகிறது என்று என் மாணவி ஒருவர் ஆராய்ந்தார். ஓர் ஆய்விதழின் மதிப்பீட்டாளர் கேட்டது: "இது ஏன் உலக வாசகர்களுக்கு முக்கியம்?" அமெரிக்கப் பங்குச்சந்தை நிறுவனங்களை வைத்து எழுதுகிறவரிடம் இந்தக் கேள்வி வருவதே இல்லை. அந்த மாணவி இப்போது அமெரிக்கத் தரவுகளில்தான் வேலை செய்கிறார். அவரை எப்படிக் குறை சொல்வது?

அமெரிக்காவும் பிறவியிலேயே முன்னணியில் இருந்துவிடவில்லை. அங்கே வணிகக் கல்வியின் தரம் மோசம் என்று ஃபோர்டு, கார்னகி அறக்கட்டளைகளின் அறிக்கைகள் 1959-ல் அடித்துச் சொன்ன பிறகுதான் ஆய்வுக்கு வேகம் பிறந்தது. 1991-ல் தொடங்கிய ஹாங்காங் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், வெளிநாட்டில் முனைவர் பட்டம் பெற்றவர்களை அழைத்துவந்து வளர்ந்தது. அப்புறம் சீனா: கட்டுரை எண்ணிக்கையை மட்டும் வைத்துப் பதவியும் பரிசுப் பணமும் கொடுக்காதீர்கள் என்று அந்நாட்டு அரசே 2020-ல் பல்கலைக்கழகங்களுக்குச் சொன்னது. நம் கல்லூரிகளில் பலவும் இப்போதுதான் அந்த எண்ணிக்கை ஓட்டத்தில் மூச்சிரைக்க இறங்கியிருக்கின்றன.

உள்ளூர்த் தொழிலைப் பற்றிய நல்ல ஆய்வுக்குப் பதவி உயர்வில் என்ன மதிப்பு தருகிறீர்கள் என்று துணைவேந்தர்களிடமும் மேலாண்மைக் கல்லூரி முதல்வர்களிடமும் கேட்டு, அவர்கள் பதிலை நீங்கள் வெளியிட வேண்டும்.

இப்படிக்கு,
மேலாண்மைத் துறை ஆசிரியர்,
கோவை.