பதிவுக் காசு

உவர்மலை,
திருகோணமலை.

அன்பின் மகளுக்கு,

நாங்கள் சுகம். அம்மாவுக்குச் சீனி கொஞ்சம் கூடித்தான் நிற்கிறது, மருந்து ஒழுங்காக எடுக்கிறா. போனில் கதைக்கலாம்தானே என்று நினைப்பாய். போனில் நீ "ஓம் அப்பா, எல்லாம் சரி அப்பா" என்று சொல்லி வைத்துவிடுவாய். கடிதம் என்றால் கடைசிவரை வாசிக்கத்தானே வேண்டும்.

உன்னுடைய கணக்குக்குக் காசு போட்டிருக்கிறேன். தை பிறந்தால் பல்கலைக்கழகப் பதிவு புதுப்பிக்க வேண்டும் என்று நீதான் ஞாபகப்படுத்துவாய். இந்த முறை கேட்கவில்லை. வேலைக்குள் மறந்திருப்பாய். பதிவுக்குத்தான் என்றில்லை, வைத்திரு.

சின்னத்தை மகன் முதுமாணி முடித்துவிட்டான். ஒரே வருடத்தில் முடித்தான் என்று பத்திரகாளி கோயில் வாசலில் வைத்து எல்லாருக்கும் சொல்லுகிறா. "உங்கட பிள்ளை இன்னும்?" என்று என்னையும் கேட்டா. நான் கச்சேரியில் கோப்போடு கிடந்து பென்சன் எடுத்தவன். எந்தப் பட்டம் எந்த மட்டம் என்று சொல்லுகிற, நீ விட்டுப்போன தகைமைக் கட்டமைப்புப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். அவன் செய்தது 9ஆம் மட்டம், 30 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்கு 50 மணித்தியாலம் என்றால் 1500. சனியும் ஞாயிறும் எட்டு மணித்தியாலப்படி 52 கிழமையும் போயிருந்தாலும் 832தான் வரும். மிச்சத்தை வீட்டிலிருந்து படித்திருக்க வேண்டும். வீட்டிலிருந்து அவன் கிரிக்கெட் பார்த்தது ஊருக்கே தெரியும். உன்னுடையது 11ஆம் மட்டம், முதுதத்துவமாணி, ஆய்வுதான் படிப்பு, குறைந்தது இரண்டு வருடம். இந்தக் கணக்கைச் சின்னத்தைக்குச் சொல்லத் தொடங்கினேன், அம்மா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டா.

அவனிடமும் கேட்டேன், படிப்புத் தரமாக இருந்ததா என்று. "அருமை மாமா" என்றான். பதவி உயர்வு கிடைத்துவிட்டது, பிறகென்ன. படிக்கிற காலத்தில் இதே பெடியன்தான் எங்கள் விறாந்தையில் இருந்து, பழைய ஸ்லைடைத்தான் வாசிக்கிறார்கள் என்று சலித்தவன். முடித்தவர்கள் கிடைத்த உத்தியோகத்தைப் பார்த்துப் படிப்புக்கு மார்க் போடுகிறார்கள். நடுவில் நிற்கிறவர்கள் ஆய்வைப் பார்க்கிற சுப்பர்வைசரைப் பார்த்துப் போடுகிறார்கள். இரண்டையும் கூட்டிப் பிரித்துச் சராசரி எடுத்தால் அது யாருடைய அபிப்பிராயம்?

போனமுறை வந்தபோது, படிப்பு எப்படி என்று உங்களிடம் அபிப்பிராயம் கேட்கிற ஒரு படிவம் காட்டினாய். நூலகம், இணையம், இருக்கை, சாப்பாடு எல்லாவற்றுக்கும் நாலும் ஐந்தும் போட்டிருந்தாய். என்னுடைய மூன்றாம் அத்தியாயம் எத்தனை மாதம் சுப்பர்வைசரின் மேசையில் கிடந்தது என்று கேட்க இதில் கட்டம் இல்லை அப்பா என்று சிரித்தாய். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

பிள்ளை, எதையும் எழுத்தில் கேள். திகதி போடு, பிரதி வை. வாயால் கேட்டதற்குச் சாட்சி கிடையாது. சுப்பர்வைசர் வெளிநாட்டு லீவில் போனால் அவருக்குப் பதில் யார் வாசிப்பது என்று அதையும் எழுத்தில் கேள். ஆறு மாத அறிக்கையில் "திருப்தி" என்று எழுதிக் கொடுத்துவிட்டு இங்கே வந்து முகத்தைத் தூக்கி வைத்திருக்காதே.

நிலாவெளிப் படகுக்காரர் சந்தையில் கண்டால் "டொக்டர் பிள்ளை எப்ப வருவா?" என்கிறார். கடலுக்குள் இருக்கிற பாறைக்கும் டொக்டர் உண்டு என்று நம்புகிற மனிசன். 1998இல் கடல் சூடேறி ஹிக்கடுவைப் பவளப்பாறை வெளிறிச் செத்தபோது எங்கள் புறாமலைத் தீவுப் பாறை தப்பியது என்று அவருக்குப் படகில் வைத்து நீதான் விளங்கப்படுத்தினாய். வனசீவராசிகள் திணைக்கள அனுமதிக் கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு நானும் அந்தப் படகில்தான் இருந்தேன். இந்தக் குடும்பத்தில் யாரும் அப்படிக் கதைத்து நான் கேட்டதில்லை. இப்போது அவருக்கு என்ன பதில் சொல்வது? எனக்கே ஒருவரும் ஒன்றும் சொல்வதில்லை. கடல் இப்போது கொந்தளிப்பு. மாதிரி இன்னும் எடுக்க இருக்கென்றால் சித்திரைக்குப் பிறகு படகு சொல்லி வைக்கவா?

பக்கத்து வீட்டுப் பெடியனும் உங்கள் இடத்தில்தானே படிக்கிறான். இந்த வருடம் அக்காவை அந்தப் பக்கம் காணவில்லை என்றான். வேறு கட்டடத்தில் இருப்பாய் என்று சொல்லி அனுப்பினேன். அம்மாவுக்கு இது தெரியாது.

அந்தப் படிவத்தைப் பற்றி இன்னுமொன்று. படிக்கிறவர்களிடம் கேட்கிறார்கள், முடித்தவர்களிடம் கேட்கிறார்கள். இடையில் விட்டுவிட்டுப் போனவர்களிடம் யாராவது கொண்டுபோய்க் கொடுத்தார்களா? என்னைக் கேட்டால் முதலில் அவர்களிடம்தான் கேட்க வேண்டும். அவர்களுக்கு அறிவு குறைவென்று எவன் சொல்வது? இதை நான் யாரையும் மனதில் வைத்து எழுதவில்லை.

எதுவென்றாலும் எழுத்தில் கேள், பிரதி வை.

கீரிமீன் கருவாடும் அம்மா இடித்த மிளகாய்த்தூளும் வெள்ளிக்கிழமை இரவு பஸ்ஸில் கொடுத்துவிடுகிறேன். விடிய வெள்ளவத்தையில் நின்று எடு. போனமுறை மாதிரி நீ நித்திரையாகிக் கிடந்தால் கொண்டக்டர் எனக்குத்தான் போன் எடுத்து ஏசுவார். பதிவு புதுப்பிக்கக் கடைசித் திகதி எது என்று ஒரு மெசேஜ் போடு. திகதி மட்டும் போதும்.

அப்பா