புகாரை எண்ணினால் வெள்ளம் பிடிபடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

கோலாலம்பூரின் திடீர் வெள்ளத்தை, மக்கள் தரும் வெள்ளப் புகார்களின் எண்ணிக்கையால் வரைபடமாக்கினால் மக்கள் நெருக்கம்தான் தெரியும். 1,000 வீட்டுக்கு எத்தனை புகார் என்று வகுத்தே நகரின் செந்தூல், பங்சார் பகுதிகளை ஒப்பிட வேண்டும். நாள் மொத்த மழையளவும் உதவாது. மாலை மழை ஒரு மணி நேரத்தில் கொட்டித் தீர்த்துவிடும், 15 நிமிட அளவீடு தேவை.

பெரிய தலைவலி வேறு. கெர்த்தாவ் எனும் பழைய மலேசிய ஆள்கூற்று முறையில் (வரைபடத்தில் இடத்தை எண்களால் குறிக்கும் முறை) வரைந்த பழைய வடிகால் வரைபடத்தின்மேல் கைப்பேசியின் ஜிபிஎஸ் புள்ளியை அந்த முறைக்கு மாற்றாமல் வைத்தால், இடம் 100 மீட்டருக்கு மேல் விலகும். அடைப்பு ஒரு தெருவில், தோண்டுவது அடுத்த தெருவில். தோண்டும் குத்தகையாளருக்கு மட்டும் நட்டமில்லை! முதலில் தெரிந்த நான்கு சாலைச் சந்திப்புகளைப் பழைய வரைபடம், ஜிபிஎஸ் ஆகிய இரண்டு அடுக்கிலும் பொருத்திப் பாருங்கள். பிறகு வடிகாலின் அடித்தளம் எந்த உயரத்தில் இருக்கிறது என்பதையும் வரைபடத்தில் சேருங்கள்.

இப்படிக்கு,
நில அளவையாளர், செந்தூல்