தம்பிக்கு, ஷெர்லி போர்ட்டரைப் பற்றி

தம்பி,

நீ கன்சர்வேட்டிவ் கட்சி சார்பில் கவுன்சிலர் தேர்தலில் நிற்கப் போகிறாய் என்று கேள்விப்பட்டதும் சந்தோஷமாகத்தான் இருந்தது. எந்தக் கட்சி என்பது உன் விருப்பம், அதில் அக்கா தலையிட மாட்டேன். ஆனால் அன்றைக்கு நீ, "கவுன்சில் நடத்துவதென்றால் ஷெர்லி போர்ட்டர் மாதிரி நடத்த வேண்டும், வரியும் குறைவு, தெருவும் சுத்தம்" என்று சொன்னாயே, அதைக் கேட்டுவிட்டு சும்மா இருக்க முடியவில்லை. இதே எண்ணம் உள்ள வேறு பிள்ளைகளும் இருப்பார்கள், அவர்களும் படிக்கட்டும் என்றுதான் பொதுவில் எழுதுகிறேன்.

நீ சொன்னதில் உண்மை இருக்கிறது, அதை முதலில் ஒப்புக்கொள்கிறேன். டெஸ்கோ சூப்பர்மார்க்கெட்டைத் தொடங்கிய ஜாக் கோஹனின் மகள் அவர். அப்பா 1919இல் கிழக்கு லண்டனில் தள்ளுவண்டிச் சந்தையில் கடை போட்டுத் தொடங்கியவர், போலந்திலிருந்து வந்த யூதத் தையல்காரரின் பிள்ளை. அந்த வீட்டிலிருந்து வந்தவருக்குக் கணக்கும் வேகமும் இல்லாமல் போகுமா? 1974இல் லண்டன் நடுப்பகுதியை நிர்வகிக்கும் வெஸ்ட்மின்ஸ்டர் கவுன்சிலுக்குத் தேர்வானார், 1983இல் தலைவரானார். குப்பைக்கு எதிராக ஓயாமல் போராடினார், வரியை நாட்டிலேயே மிகக் குறைந்த வரிகளில் ஒன்றாக வைத்திருந்தார். வேலை செய்யாத அதிகாரிகள் அவரைக் கண்டு நடுங்கினார்கள் என்றால் அதில் எனக்கு வருத்தமில்லை.

அப்புறம் வந்தது 1986 தேர்தல். அறுபது இடங்களில் கன்சர்வேட்டிவ் கட்சிக்கு 32, எதிர்க்கட்சியான லேபருக்கு 27, ஒரு சுயேச்சை. சில வார்டுகளில் கொஞ்சம் வாக்குகள் மாறியிருந்தால் ஆட்சியே போயிருக்கும். இந்த நிலையில் ஒரு தலைவர் என்ன செய்ய வேண்டும்? மக்கள் ஏன் விலகினார்கள் என்று கேட்டு, அவர்களைத் திரும்பத் தன் பக்கம் கொண்டுவரப் பார்க்க வேண்டும். அவரும் அவரைச் சுற்றியிருந்தவர்களும் போட்ட திட்டம் வேறு. இழுபறியாக இருந்த எட்டு வார்டுகளை எடுத்துக்கொண்டார்கள், பேஸ்வாட்டர், மைடா வேல், மில்பேங்க், விக்டோரியா போன்றவை, அங்கே லேபருக்கு வாக்களிப்பார்கள் என்று தாங்கள் நினைத்தவர்களைக் குறைத்துத் தங்களுக்கு வாக்களிக்கக்கூடியவர்களைக் கொண்டுவந்து குடியேற்றுவதென்று முடிவு செய்தார்கள். அதற்கு அவர்கள் எடுத்த கருவி கவுன்சில் வீடு, அதாவது கவுன்சில் குறைந்த வாடகைக்குக் கொடுக்கும் வீடு.

எப்படி என்று கேள். வீடில்லாமல் காத்திருக்கும் ஒரு குடும்பத்துக்கு, கவுன்சில் ஃபிளாட் ஒன்று காலியாகும்போதுதான் இடம் கிடைக்கும். இங்கே காலியான ஃபிளாட்டுகளை அவர்களுக்குக் கொடுக்காமல், கதவுக்கு இரும்பு அடைப்புப் போட்டுப் பூட்டி வைத்து, வாங்க வசதியுள்ளவர்களுக்குச் சலுகை விலையில் விற்றார்கள். அந்த எட்டு வார்டுகளில் மட்டும் விற்பது சட்டப்படி நிற்காது என்று வழக்கறிஞர் சொன்னார். அதனால் திட்டத்தைக் கைவிடவில்லை, வெஸ்ட்மின்ஸ்டர் முழுவதற்கும் விரித்தார்கள். வருடத்துக்கு 500 விற்பனை என்று 1987இல் இலக்கு வைத்தார்கள், ஏனென்றால் அப்படி விற்றால்தான் எட்டு வார்டுகளில் 250 தேறும். சட்ட ஆலோசனை கேட்டுத்தானே செய்தார் என்று அவருக்காகப் பேசுகிறவர்கள் இன்றும் சொல்வார்கள். எனக்கு இந்த இடம்தான் எல்லாவற்றையும்விட மோசமாகப் படுகிறது. செய்யக்கூடாது என்று சொன்ன மனிதரின் வார்த்தையை வைத்தே, அதை எப்படி மறைத்துச் செய்வது என்று கண்டுபிடித்திருக்கிறார்கள்.

வீடில்லாதவர்கள் எங்கே போனார்கள்? பலரை வெஸ்ட்மின்ஸ்டருக்கு வெளியே அனுப்பினார்கள். சிலரை 1989இல் ஹெர்மிஸ் பாயின்ட், சான்ட்ரி பாயின்ட் என்ற இரண்டு உயர்மாடிக் கட்டடங்களில் குடிவைத்தார்கள், உள்ளே நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் இருப்பது கவுன்சிலுக்கு முன்பே தெரிந்தும். அதே காலத்தில்தான் நம் சனமும் ஊரை விட்டு ஓடிவந்து இந்த நகரத்தில் பிள்ளைகளோடு ஓர் அறைக்கு அலைந்தது. உன் அம்மாவிடம் கேட்டுப் பார், கவுன்சில் கடிதத்துக்காகக் காத்திருப்பது என்றால் என்னவென்று சொல்வார்.

இதற்கு நடுவில் நீ பெருமைப்பட வேண்டிய ஒரு விஷயமும் நடந்தது. அந்த இரண்டு கட்டடங்களும் இருந்த வால்டர்ட்டன், எல்ஜின் குடியிருப்புகளின் மக்கள், உன் கட்சி அரசாங்கமே கொண்டுவந்த 1988 வீட்டுவசதிச் சட்டத்தை எடுத்து, வீடுகளைக் கவுன்சிலிடமிருந்து தங்கள் அமைப்பின் பெயருக்கே மாற்றிக்கொண்டார்கள், 1992இல். குடியிருப்பவர் கையில் பொறுப்பைக் கொடு என்பது கன்சர்வேட்டிவ் கொள்கைதானே? அதை நிறைவேற்றிக் காட்டியவர்கள் இவர்கள். முன்மாதிரி வேண்டுமென்றால் இவர்களை எடுத்துக்கொள்.

மூன்று கல்லறைத் தோட்டங்களை மொத்தம் 15 பென்ஸுக்கு விற்ற கதையும் இவர் காலத்தியதுதான், 1987இல். புதைத்தவர்களின் சொந்தக்காரர்கள் சண்டை போட்டு, கடைசியில் கவுன்சிலே அவற்றைத் திரும்ப வாங்க வேண்டியதாயிற்று. பராமரிப்புச் செலவை மிச்சப்படுத்தப் போய் வந்த வினை.

1990 தேர்தலில் அவர் கட்சி 45 இடங்களைப் பிடித்தது. மறுவருடம் அவருக்கு டேம் என்ற அரச கௌரவப் பட்டம். ஆனால் அதற்குள் உள்ளூர் வாக்காளர்கள் சிலர் கவுன்சில் கணக்கைத் தணிக்கை செய்யும் ஆடிட்டரிடம் ஆட்சேபம் கொடுத்திருந்தார்கள். கவுன்சில் கணக்கைப் பார்த்து ஆட்சேபிக்கும் உரிமை சாதாரண வாக்காளருக்கு உண்டு, நீ ஜெயித்தால் உனக்கு எதிராகவும் உண்டு. ஆடிட்டர் ஜான் மகில் பல வருடம் தோண்டி, போர்ட்டரும் வேறு சிலரும் சேர்ந்து கவுன்சிலுக்கு வந்த நட்டத்துக்காக 3.16 கோடி பவுண்டு கட்ட வேண்டும் என்று 1996இல் சொன்னார். 1997இல் உயர்நீதிமன்றம் தொகையைக் குறைத்து, போர்ட்டரும் துணைத்தலைவராக இருந்த டேவிட் வீக்ஸும் பொறுப்பு என்றது. 1999இல் மேல்முறையீட்டில் இருவரும் தப்பினார்கள். 2001 டிசம்பரில், அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் அவையின் நீதிபதிகள் அதை மாற்றினார்கள்: போர்ட்டர் தெரிந்தே, நேர்மையின்றிப் பொது அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தினார், பணத்துக்காக இல்லை, தேர்தல் லாபத்துக்காக, அந்த வகையில் அது ஊழல் என்றே தீர்ப்பில் இருக்கிறது. வட்டியோடு நாலு கோடி பவுண்டைத் தாண்டிய தொகையில், கடைசியில் 2004இல் 1.23 கோடிக்குச் சமரசம் ஆனது.

அவர் தன் பைக்குள் ஒரு காசும் போட்டுக்கொள்ளவில்லை என்று நீ சொல்வாய். சரி, போடவில்லை. தனக்காக எடுக்கவில்லை, கட்சிக்காகத்தானே என்று நினைக்கிறவருக்குத்தான் தான் செய்வது தவறென்ற உறுத்தலே வராது, அதனால்தான் எனக்கு உன்னை நினைத்துப் பயமாக இருக்கிறது. நீ நேர்மையான பிள்ளை, லஞ்சம் வாங்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும். ஆனால் வார்டு வரைபடத்தை மேசையில் விரித்து வைத்து, இந்தத் தெரு நமக்கு விழும், இந்தத் தெரு விழாது என்று யாராவது பேசத் தொடங்கும்போது, அதற்கு அடுத்த நாள் அதே தெருவின் வீட்டு ஒதுக்கீடு பற்றிய கோப்பு உன் முன்னால் வரும். இரண்டையும் சேர்த்து யோசிக்க மாட்டேன் என்று நீ இப்போதே முடிவு செய்திருக்க வேண்டும்.

கவுன்சிலர்களின் சொந்தப் பணத்திலிருந்து நட்டத்தை வசூலிக்கும் அந்த ஏற்பாட்டையும் 2000ஆம் ஆண்டுச் சட்டம் இங்கிலாந்தில் எடுத்துவிட்டது. மகில் கேட்ட மாதிரி உன்னிடம் யாரும் கேட்கப் போவதில்லை.

அந்தத் தீர்ப்பு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, போர்ட்டர் எதிர் மகில் என்று தேடு. நீளம்தான், ஆனால் நடந்ததை வரிசையாகச் சொல்லும் பகுதியை மட்டுமாவது வேட்புமனுவில் கையெழுத்துப் போடுவதற்கு முன் படித்துவிடு. படித்த பிறகும் அவர்தான் உன் முன்மாதிரி என்றால் வீட்டுக்கு வா, எதிரே உட்கார்ந்து எனக்கு விளக்கிச் சொல்.

அக்கா