நட்டு விஷயத்துல நீ சொல்றது பாதிதான் சரி, மச்சான்

மச்சான்,

நேத்து நைட்டு போன்ல நீ கத்துன கத்துல எனக்கு வாய தொறக்கவே சான்ஸ் கிடைக்கல, அதான் உக்காந்து எழுதுறேன். டீம் அறிவிக்கிற ஒவ்வொரு தடவையும் இதே கூத்துதான், லிஸ்ட்ல நம்ம நட்டு, அதான் இடது கை ஃபாஸ்ட் பவுலர் நடராஜன், பேர் இல்லன்னதும் உனக்கு பிபி ஏறிடும், "நம்ம ஊர் பையன்னா அவனுங்களுக்கு இளக்காரம்"னு ஆரம்பிச்சா முடிக்க அரை மணி நேரம். நானும் நட்டு ஃபேன்தான்டா. 2020 ஐபிஎல் எலிமினேட்டர்ல டிவில்லியர்ஸ் 56 அடிச்சு நல்லா செட் ஆகி நிக்கிறார், அவர் பேட்ட கீழ இறக்குறதுக்குள்ள நட்டு கால்கிட்ட குத்துற மாதிரி போட்ட அந்த யார்க்கர் ஸ்டம்ப்ப பேத்துட்டு போயிடுச்சு. அத இன்னைக்கு போட்டாலும் ஒக்காந்து பாப்பேன்.

ஆனா யார தூக்கிட்டு நட்டுவ போடணும்? இத கேட்டா மட்டும் நீ டாபிக்க மாத்திடுற.

மொதல்ல அந்த "இளக்காரம்" கதை. டீம்ல கூட இல்லாம, பிராக்டிஸ்ல பால் போடுற நெட் பவுலரா ஆஸ்திரேலியா போன மனுஷன் அவரு. டி20 டீம்ல வருண் சக்கரவர்த்திக்கு தோள்பட்டை போச்சு, அதனாலதான் இவருக்கு அந்த இடமே கிடைச்சது. 2020 டிசம்பர் 2 கான்பெராவுல ஒன்டே, ரெண்டு நாள் கழிச்சு டி20, ஜனவரில பிரிஸ்பேன் கப்பா கிரவுண்டுல டெஸ்ட். ஒரே டூர்ல மூணு ஃபார்மட்லயும் அறிமுகம் ஆன மொத இந்தியன். கப்பா மொத இன்னிங்ஸ்ல மூணு விக்கெட், அதுல 108 அடிச்ச லபுஷேனும் ஒண்ணு. தொடர ஜெயிச்சதும் ரஹானே கப்ப கொண்டு போய் இவர் கையில குடுத்தார். இளக்காரமா நினைச்சவங்க பண்ற வேலையா இது?

அப்புறம் 2021 மார்ச் 28, புனே, இங்கிலாந்தோட மூணாவது ஒன்டே. கடைசி ஓவர், 14 ரன் வேணும், சாம் கரன் பேய் மாதிரி அடிச்சுட்டு இருக்கான், பால் நம்ம ஆள் கையில. ஆறு ரன்தான் குடுத்தார், 7 ரன்ல ஜெயிச்சோம். கரன் 95 நாட் அவுட்டா நின்னு வேடிக்கை பாத்தான். இந்தியா ஜெர்சில நட்டு ஆடுன கடைசி மேட்ச் அதுதான்னு நினைச்சா எனக்கும் வயிறு எரியுது. ஆனா அதுக்கப்புறம் அவர யாரும் வெளிய தள்ளலடா, அடுத்த மாசமே முட்டில ஆபரேஷன். அத எந்த செலக்டர் தலையில கட்டுவ நீ?

அந்த கேப்ல இன்னொரு இடது கை ஃபாஸ்ட் பவுலர் அர்ஷ்தீப் வந்துட்டான். 2022 ஜூலைல இந்தியாவுக்கு ஆட ஆரம்பிச்சவன் புது பாலையும் ஸ்விங் பண்றான், டெத்லயும், அதான் கடைசி ஓவர்கள்லயும், போடுறான். நட்டுவோட பெரிய பலமே கடைசி நாலஞ்சு ஓவர், அதுல ரெண்ட பும்ரா எடுத்துக்குவார், மிச்சம் இருக்குற ரெண்டுக்காக ஒரு பவுலர வச்சுக்கிட்டு மொத ஆறு ஓவர் பவர்ப்ளேக்கு வேற ஆள் தேடணும்னா, ஆல்ரவுண்டர் ஹார்திக் ஒருத்தர நம்பி டீம் போடுற கேப்டன் யோசிப்பாரா மாட்டாரா? 2024 டி20 வேர்ல்டு கப் ஃபைனல்ல தென்னாப்பிரிக்காவுக்கு 12 பால்ல 20 வேணும், 19வது ஓவர் அர்ஷ்தீப், வெறும் 4 ரன். அந்த டோர்னமென்ட்ல மொத்தம் 17 விக்கெட். அவன தூக்கிட்டு நட்டுவ போடுன்னு சொல்ல எனக்கு வாய் வரல மச்சான், உனக்கும் வராது, கோவத்துல பேசுற.

சரி, நீ சொல்றதுல சரியான பாதிக்கு வரேன், இத நீயே இன்னும் சரியா சொன்னதில்ல. அதே 2024, ஏப்ரல் 20, டெல்லில ஐபிஎல் மேட்ச். அதுவும் 19வது ஓவர்தான், போட்டது நட்டு. மூணு விக்கெட், ஒரு ரன் கூட குடுக்கல. டெல்லில, டி20ல, டெத் ஓவர்ல மெய்டன்! மொத்தம் 19 ரன்னுக்கு 4 விக்கெட். பத்து நாள் கழிச்சு வேர்ல்டு கப் டீம் வருது. மெயின் டீம்ல அர்ஷ்தீப், ஓகே. ரிசர்வ்ல கலீல் அகமது. ஏன்? கலீல் புது பால நல்லா போடுவான், மறுக்கல, ஆனா அந்த வேலைக்கு அர்ஷ்தீப் ஏற்கனவே இருக்கானே, டெத்துக்கு ஒரு இடது கை ஆள் வெளிய நிக்கட்டும்னு ஏன் யாருக்கும் தோணல? சீசன் முடியும்போது நட்டு கணக்கு 14 மேட்ச்ல 19 விக்கெட். ரிசர்வ்ல கூட இடம் இல்லன்னா என்ன நியாயம். இதுக்கு நீ கத்து, நானும் கூட நின்னு கத்துறேன்.

இப்ப கத்தி என்ன பண்ண? முட்டிக்கு பயந்து ரெட் பால், அதான் நாள் கணக்குல ஆடுற மேட்ச், பக்கம் போறதையே நிறுத்திட்டார், அதனால டெஸ்ட்ல ஏன் எடுக்கலன்னு நீ கேக்குறதுல அர்த்தமே இல்ல. 2025ல டெல்லி 10.75 கோடி குடுத்து வாங்குச்சு, சீசன் முழுக்க ஆடுனது ரெண்டே மேட்ச். 1991ல பொறந்தவர் வேற. வருண் மட்டும் மூணு வருஷம் கழிச்சு திரும்பி வந்து சாம்பியன்ஸ் டிராபி ஜெயிக்கலையான்னு கேப்ப, கரெக்ட்தான், ஆனா அவர் ஸ்பின்னர்டா, நாள் பூரா முட்டில மொத்த ஒடம்பையும் எறக்குற வேலை இல்ல அது.

அடுத்த லிஸ்ட் வந்ததும் போன் பண்ணுவ, தெரியும். பண்ணு. ஆனா "ஹலோ"வுக்கு அப்புறம் மொத வார்த்தை, தூக்க வேண்டிய பவுலரோட பேரா இருக்கணும்.

உன் மச்சான்