களிம்பு எழுதும் முன் ஒரு கேள்வி: தோல் மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தோல் மருத்துவர்களுக்கும், தோலில் எது வந்தாலும் முதலில் பார்க்க நேரும் பொது மருத்துவர்களுக்கும் வணக்கம்.

நான் எச்.ஐ.வி.யோடு வாழ்பவன். பல வருடங்களாக எச்.ஐ.வி.யை அடக்கிவைக்கும் ஏ.ஆர்.டி. மாத்திரை சாப்பிடுகிறேன்; வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் உள்ள வைரஸின் அளவு, கண்டறிய முடியாத அளவில் இருக்கிறது. எங்களைப் போன்றவர்களின் ஆதரவுக் குழு ஒன்றில், புதிதாக வருகிறவர்களோடு உட்கார்ந்து பேசுவது என் வேலை. “எப்படித் தெரிய வந்தது?” என்று கேட்டால் ஒருவர் டி.பி. என்பார், இன்னொருவர் எடை குறைந்தது என்பார், பிரசவத்துக்குப் போன இடத்தில் தெரிந்தது என்பார் வேறொருவர். கொஞ்சம் துருவிக் கேட்டால் பலருக்கு அதற்கும் முன்னால் ஒரு தோல் கதை இருக்கும். மாதக்கணக்கில் அரிப்பு, இளவயதிலேயே வந்த அக்கி, எது போட்டும் ஆறாத புண். அந்தக் கதையில் ஒரு டாக்டர் இருப்பார், இரண்டு மூன்று களிம்பு இருக்கும். ரத்தப் பரிசோதனை மட்டும் இருக்காது.

இத்தனைக்கும் இந்த நோயை உலகத்துக்கு முதலில் காட்டிக்கொடுத்ததில் தோலுக்குப் பெரிய பங்கு உண்டு. 1981 ஜூலையில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் வார அறிக்கை, நியூயார்க்கிலும் கலிபோர்னியாவிலும் 26 ஆண்களுக்குக் கபோசி சர்கோமா வந்திருப்பதைச் சொன்னது. அங்கே அதுவரை அபூர்வமாக, பெரும்பாலும் வயதானவர்களுக்கு வந்துகொண்டிருந்த புற்றுநோய் அது. எய்ட்ஸ் என்ற பெயர் அடுத்த வருடம்தான் வந்தது, வைரஸைக் கண்டுபிடித்தது 1983இல். யாருக்கும் ஒன்றும் புரியாத காலத்தில்கூடத் தோலைப் பார்த்துச் சந்தேகப்பட்டிருக்கிறார்கள். விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்தால் அரை மணி நேரத்துக்குள் பதில் தெரிகிற இந்தக் காலத்தில் அந்தச் சந்தேகம் ஏன் வருவதில்லை?

அக்கியையே எடுத்துக்கொள்வோம். சின்னம்மை வந்துபோன பிறகு அந்த வைரஸ் நரம்பு வேரில் பதுங்கிக் கிடக்கிறது, எதிர்ப்புச் சக்தி தளரும்போது அந்த நரம்பு ஓடும் பாதையிலேயே தோலுக்கு வருகிறது. பொதுவாக வயதானவர்களுக்கு வரும். முப்பது வயதுக்காரருக்கு, நெஞ்சின் ஒரு பக்கமாக பாதி பெல்ட் கட்டியதுபோல் கொப்புளம் வரிசை கட்டி நின்றால், “ஸ்ட்ரெஸ், தூக்கமில்லை” என்று சொல்லி அனுப்புவது எனக்குப் பொறுப்பாகத் தெரியவில்லை. உலக சுகாதார நிறுவனம் எச்.ஐ.வி.யைத் தரம் பிரிக்கும் நான்கு நிலைகளில் அக்கி இரண்டாம் நிலையிலேயே இருக்கிறது. அதாவது சி.டி.4 என்ற எதிர்ப்புச் செல்களின் எண்ணிக்கை இன்னும் ஓரளவு நன்றாக இருக்கும்போதே, டி.பி.யும் நிமோனியாவும் வந்து ஆளைச் சாய்க்கும் முன்பே, அக்கி வரலாம். இந்த இடத்தில் பிடித்தால் அவருக்குப் பல வருட ஆரோக்கியம் மிச்சம்.

எதிர்ப்புச் சக்தி நன்றாகக் குறைந்தவர்களிடம் அக்கி அந்த ஒரு பட்டையோடு நிற்காது. பக்கத்து நரம்புகளுக்கும் பரவும், கொப்புளம் கறுத்துப் புண்ணாகும், ஆறிய பிறகு மறுபடியும் வரும். மூக்கின் நுனியிலோ பக்கவாட்டிலோ ஒரே ஒரு கொப்புளம் இருந்தாலும் கண்ணுக்கு ஆபத்து என்பது உங்களுக்குத் தெரியாததில்லை; ஆனால் “எதற்கும் கண் டாக்டரையும் ஒரு தடவை பாருங்கள்” என்று போகிற போக்கில் சொன்னால் நோயாளி அடுத்த வாரம்தான் போவார். இன்றைக்கே போகவேண்டும் என்று அழுத்திச் சொல்லுங்கள். இன்னொன்று, கொப்புளம் வந்து 72 மணி நேரம் தாண்டிவிட்டது, இனி வைரஸுக்கான அசைக்ளோவிர் வேண்டாம் என்ற கணக்கு எங்களுக்குப் பொருந்தாது. புதுக் கொப்புளம் வந்துகொண்டிருக்கும்வரை மருந்துக்கு வேலை இருக்கிறது.

சரி, பரிசோதனை பற்றி எப்படிப் பேச்செடுப்பது? இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள் என்று நினைக்கிறேன். “தப்பான பழக்கம் ஏதாவது உண்டா?” என்று கேட்டால் எந்த மனிதரும் இல்லை என்றுதான் சொல்வார். கணவரோ அம்மாவோ பக்கத்தில் நிற்கும்போது கேட்டால் கேட்கவே வேண்டாம். அதற்குப் பதிலாக அவரைத் தனியாக வைத்து, “இந்த வயதில் அக்கி வந்தால் யாராக இருந்தாலும் எச்.ஐ.வி.க்கும் ஒரு டெஸ்ட் எடுப்போம். உங்களுக்கும் எடுக்கலாமா?” என்று கேட்டுப் பாருங்கள். யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாத கேள்வி இது. சம்மதம் கேட்டாயிற்று, காரணமும் சொல்லியாயிற்று. சம்மதம் இல்லாமல் மற்ற டெஸ்டுகளோடு சேர்த்துச் சத்தமில்லாமல் எடுப்பதை நான் எந்த நிலையிலும் ஏற்கமாட்டேன். முடிவு பாசிட்டிவ் என்றால் அந்த மனிதர் அடுத்து நம்பிப் போக ஓர் இடம் வேண்டும், ஏமாற்றப்பட்டவர் எங்கேயும் போகமாட்டார்.

அக்கிக்கு மட்டும் இந்தக் கேள்வி போதாது. பெரியவர்களின் முகத்தில் கொத்துக் கொத்தாகப் பாலுண்ணி, சாதாரணச் சிகிச்சைக்குக் கட்டுப்படாமல் முகம், காது, நெஞ்சு என்று இறங்கும் பொடுகு, நகத்தின் அடிப்பக்கத்தில் சதையை ஒட்டித் தொடங்கும் வெண்மை, உதட்டோர வெடிப்பு, வாய்க்குள் சுரண்டினால் வந்துவிடும் வெள்ளைப் படலம் எல்லாவற்றுக்கும் கேட்கவேண்டும். பிறப்புறுப்பிலோ ஆசனவாய் ஓரத்திலோ ஒரு மாதம் தாண்டியும் ஆறாத ஹெர்பிஸ் புண் நான்காம் நிலை, அதாவது எய்ட்ஸ் கட்டம். வாயைத் திறக்கச் சொல்லாமல், சட்டையைக் கழற்றச் சொல்லாமல், நீட்டிய கையை மட்டும் பார்த்துச் சீட்டு எழுதினால் இதில் பாதி கண்ணில் படாது.

இப்போது அந்த டியூபைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஸ்டீராய்டு, பூஞ்சைக் கொல்லி, ஆன்டிபயாடிக் மூன்றையும் ஒன்றாகப் பிசைந்து விற்கும் கலவைக் களிம்பு. என்ன வியாதி என்று யோசிக்கவே தேவையில்லை, ஏதாவது ஒன்று கேட்கும் என்ற நம்பிக்கையில் எழுதப்படுவது. இரண்டு நாளில் சிவப்பு அடங்கும், அரிப்பு குறையும், நோயாளிக்கு டாக்டர் கைராசிக்காரர். படர்தாமரையின் வட்ட விளிம்பு மட்டும் அழிந்துபோய், அடியில் பூஞ்சை தாராளமாகப் பரவிக்கொண்டிருக்கும். பிறகு பார்க்கிற யாருக்கும் அது படர்தாமரை என்றே அடையாளம் தெரியாது. ஒருவர் என்னிடம் காட்டினார்: இடுப்பிலிருந்து முழங்கால்வரை கறுத்து, தொடையின் உட்புறத்தில் தோல் மெலிந்து வரி வரியாகக் கீறல் விழுந்திருந்தது. கையில் அடியிலிருந்து சுருட்டிச் சுருட்டிக் கடைசிச் சொட்டுவரை பிதுக்கிய டியூப். நிறுத்தினால் பத்து மடங்கு அரிக்கிறது என்று அவரால் அதை விடவும் முடியவில்லை.

சொறியில் இதே தவறு இன்னும் ஆபத்தாக முடியும். சாதாரணச் சொறி உள்ளவர் உடம்பில் பத்துப் பதினைந்து பூச்சிகள்தான் இருக்கும். எதிர்ப்புச் சக்தி இல்லாத உடம்பில் அதே பூச்சி ஆயிரக்கணக்கில், சில சமயம் லட்சக்கணக்கில் பெருகுகிறது. விரலிடுக்கிலும் முழங்கையிலும் சாம்பல் நிறத்தில் தடித்த பொருக்குக் கட்டும். அரிப்பு குறைவாகவோ இல்லாமலோ இருக்கலாம் என்பதால் சொறி என்ற நினைப்பே வராது. சோரியாசிஸ் என்று எண்ணி ஸ்டீராய்டு கொடுத்தால் பூச்சிக்குக் கொண்டாட்டம். ஒரு வார்டில் இப்படி ஒருவர் இருந்தால் நர்ஸ் முதல் துணி துவைப்பவர்வரை எல்லோரும் சொறிந்துகொண்டு நிற்பார்கள். இதற்குப் பெர்மெத்ரின் பூச்சும் ஐவர்மெக்டின் மாத்திரையும் பல தவணை சேர்ந்து வேண்டும், வீட்டில் உள்ளவர்களுக்கும் அதே நாளில் சிகிச்சை வேண்டும்.

பாலுண்ணியிலும் ஒரு பொறி இருக்கிறது. நடுவில் குழி விழுந்த சின்னச் சின்ன முடிச்சுகள், பார்த்தால் பாலுண்ணிதான். ஆனால் கிரிப்டோகாக்கஸ், ஹிஸ்டோபிளாஸ்மா, டாலரோமைசஸ் ஆகிய பூஞ்சைகள் ரத்தத்தில் பரவும்போது தோலில் அச்சு அசல் அப்படியே வரும். காய்ச்சலோ விடாத தலைவலியோ சேர்ந்திருந்தால் சுரண்டி எடுத்துவிட்டு வீட்டுக்கு அனுப்பாதீர்கள். கிரிப்டோகாக்கல் ஆன்டிஜென் டெஸ்டும் ஒரு துளி பயாப்சியும் உயிரைக் காப்பாற்றும் இடம் இது. கபோசி கட்டியைப் போலவே தோன்றி, பயாப்சியில் பார்டொனெல்லா பாக்டீரியாவின் வேலை என்று தெரியவருவதும் உண்டு. அது ஆன்டிபயாடிக்கில் தீர்ந்துவிடும். பாடப்புத்தகப் படங்களில் பெரும்பாலும் வெள்ளைத் தோல்தான்; கறுத்த தோலில் கபோசி ஊதாவாக இல்லாமல் அடர்பழுப்பாகவோ கறுப்பாகவோ இருக்கும், சிவந்த தடிப்பு சிவப்பாகவே தெரியாது. தொட்டுப் பார்க்காமல் இவற்றைக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

தொடுவது என்றதும் மடலின் இரண்டாவது மனக்குறை வருகிறது. எச்.ஐ.வி. என்று தெரிவதற்கு முன்னால் யாரும் கேட்பதில்லை. தெரிந்த பிறகு யாரும் கிட்டே வருவதில்லை. நாற்காலி ஒரு முழம் தள்ளிப் போகும், டார்ச் மேஜைக்கு அந்தப் பக்கத்திலிருந்தே அடிக்கப்படும், நர்ஸ் இரண்டு ஜோடிக் கையுறையைத் தேடுவார். புண்ணில்லாத தோலைத் தொட்டால் எச்.ஐ.வி. வராது. ரத்தமோ சீழோ இருக்கும் இடத்தில் கையுறை போடவேண்டியது எல்லா நோயாளிக்கும் பொதுவான விதி, எங்களுக்கென்று தனி விதி கிடையாது. வைரல் லோடு கண்டறிய முடியாத அளவில் இருப்பவரிடமிருந்து உடலுறவில்கூட எச்.ஐ.வி. தொற்றுவதில்லை என்று 2016இலும் 2019இலும் வெளியான பார்ட்னர் ஆய்வுகள் காட்டிவிட்டன. அப்படியிருக்க என் முழங்கையைத் தொட என்ன பயம்? சீழ்க்கட்டிக்கு ஆன்டிபயாடிக் மட்டும் எழுதிக்கொடுத்து, கீறிச் சீழை எடுக்க “வேறு பெரிய இடத்துக்குப் போங்கள்” என்று அனுப்பப்பட்டவர்கள் எங்கள் குழுவில் இருக்கிறார்கள். பல ஆன்டிபயாடிக்குகளுக்கு அடங்காத எம்.ஆர்.எஸ்.ஏ. பாக்டீரியா அதிகம் தென்படும் கூட்டம் எங்களுடையது. கீறி, சீழைக் கல்ச்சருக்கு அனுப்பினால்தான் சரியான மருந்து கிடைக்கும்.

இதற்கு நேர்மாறான பழக்கமும் உண்டு. எது வந்தாலும் “உங்களுக்குத்தான் எச்.ஐ.வி. இருக்கிறதே, அப்படித்தான்” என்பது. சி.டி.4 எழுநூறு என்று நன்றாக இருப்பவருக்கு வந்த தடிப்புக்கு எச்.ஐ.வி. காரணமாக இருக்க வாய்ப்புக் குறைவு. மருந்து அலர்ஜியாக இருக்கலாம், சிபிலிஸாக இருக்கலாம், சும்மா எக்ஸிமாவாகவும் இருக்கலாம். எச்.ஐ.வி. மருந்தான நெவிரபின், ஆன்டிபயாடிக்கான கோட்ரைமாக்சசோல் இரண்டிலுமே தொடங்கிய முதல் வாரங்களில் தடிப்பு வரலாம். வாயில் புண், கண் சிவப்பு, காய்ச்சல், தோல் உரிதல் இதில் எது சேர்ந்தாலும் அவசரம். அபாகவிர் என்ற எச்.ஐ.வி. மருந்தை அலர்ஜி என்று நிறுத்திவிட்டு மறுபடி கொடுப்பது உயிருக்கே ஆபத்து. ஏ.ஆர்.டி. தொடங்கிச் சில வாரத்தில் அக்கியோ பாலுண்ணியோ மருவோ திடீரென்று பெருகினால், அது பெரும்பாலும் எதிர்ப்புச் சக்தி திரும்பி வருவதன் சலசலப்பு. அதைப் பார்த்து ஏ.ஆர்.டி.யை நிறுத்தச் சொல்லிவிடாதீர்கள், எங்கள் டாக்டருக்கு ஒரு போன் போடுங்கள்.

அந்தப் போனைத்தான் நான் முக்கியமாகக் கேட்கிறேன். ரிடோனவிரோ கோபிசிஸ்டாட்டோ சேர்ந்த ஏ.ஆர்.டி. மருந்தைச் சாப்பிடுகிறவருக்குத் தழும்பில் டிரையம்சினலோன் ஊசி போட்டால், அந்த ஸ்டீராய்டு உடம்பை விட்டு இறங்காமல் தங்கி, முகம் வீங்கி, சர்க்கரை ஏறி, அட்ரினல் சுரப்பி முடங்கும்வரை போகலாம். பூஞ்சை மாத்திரையான இட்ராகொனசோலுக்கும் இவற்றோடு ஒத்துப்போகாது. டோலுடெக்ராவிர் சார்ந்த ஏ.ஆர்.டி. கூட்டு மருந்தில் இந்தத் தொல்லை இல்லை. ஆக, ஊசி எடுக்கும் முன் என்ன ஏ.ஆர்.டி. என்று தெரிந்தாகவேண்டும். நோயாளியே சொல்வார் என்று எதிர்பார்க்காதீர்கள். வரிசையில் பத்துப் பேர் நிற்க, கதவைத் திறந்துவைத்துக்கொண்டு “வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?” என்று கேட்டால் யாரும் வாய் திறக்கமாட்டார்கள்.

எங்கள் பக்கத்தில் ஒன்று செய்யத் தொடங்கியிருக்கிறோம். மருந்துப் பெயர்கள், கடைசி சி.டி.4, கடைசி வைரல் லோடு, எந்த மருந்துக்கு அலர்ஜி என்பதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மடித்துப் பர்ஸில் வைத்துக்கொள்ளச் சொல்கிறோம். கதவைச் சாத்திவிட்டுக் கேளுங்கள், எடுத்துக் காட்டுவார்கள். பார்த்து முடித்ததும் நீங்கள் என்ன எழுதினீர்கள் என்பதை அதே சீட்டின் பின்பக்கத்தில் இரண்டு வரி குறித்துக் கொடுத்தால், அடுத்த மாதம் ஏ.ஆர்.டி. டாக்டரிடம் அதைக் காட்டிக்கொள்வோம்.

இப்படிக்கு,
உங்கள் அறைக்கு வெளியே வரிசையில் நிற்பவர்களில் ஒருவன்